ரெட்ரோ பவுல்: விதியே தெரியாத ஆட்டம் எப்படி இப்படிப் பிடித்துக்கொண்டது?

நள்ளிரவுஜன்னல்:

மூன்று வாரமாக பிரவுசரில் ரெட்ரோ பவுல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கேம் விளையாடுகிறேன். அதற்கு முன்னால் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவார்கள், கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுவார்கள். டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். இப்போது என்னடா என்றால், ஒரு மேட்ச் மட்டும் என்று உட்கார்ந்தால் பாதி சீசன் ஓடியிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொன்னால் என் கேள்வி புரியும். 4 புள்ளி பின்தங்கியிருக்கிறேன், கடிகாரத்தில் 11 நொடி, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, எதிரணியின் கோல் கோட்டுக்கு இன்னும் 22 யார்டு. ஃபீல்ட் கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளிதான், அதனால் பிரயோஜனமில்லை. பந்து கைக்கு வந்ததும் மவுஸை அழுத்திப் பின்னால் இழுத்தேன், புள்ளி புள்ளியாக அந்த வளைவு நீண்டது, பந்தைப் பிடிக்க மேல் ஓரமாக ஓடுகிற ரிசீவருக்குக் கொஞ்சம் முன்னால் அதன் முனையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், பந்தை எறிகிற என் குவார்ட்டர்பேக்கை நோக்கி இரண்டு பேர் வந்துவிட்டார்கள், விட்டேன். பந்து மேலே போய், கீழே வந்து, அவன் கைக்குள் விழுந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

தம்பி பக்கத்தில்தான் இருந்தான். பெரிய பட்ஜெட் கேம்கள் மட்டும் விளையாடுகிறவன். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த கேம் மாதிரி இருக்கு, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது, அது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. ரொம்ப நாளாக விளையாடுகிறவர்கள் சொல்லுங்கள், எதனால் இது இப்படி இழுக்கிறது?

அப்புறம் இரண்டு நடைமுறைச் சந்தேகம். கேமில் செலவழிக்கக் கையில் கொஞ்சம்தான் கிரெடிட் இருக்கிறது, நல்ல குவார்ட்டர்பேக்கை எடுப்பதா, எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸுக்கு ஆள் எடுப்பதா? நாலாவது டவுனில் எப்போது உதைப்பது, எப்போது துணிந்து ஆடுவது?

---

கோட்டோரம்:

உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்: இந்த கேமில் என்ன இருக்கிறது என்பதைவிட, எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

அமெரிக்கன் ஃபுட்பாலின் உயிர் என்ன? நாலு வாய்ப்பு (ஒவ்வொன்றும் ஒரு டவுன்), அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஆட்டம் நின்று நின்று நடப்பதாக உங்களுக்குத் தோன்றியதே, அந்த நிறுத்தம்தான் இதன் அழகு. ஒவ்வொரு டவுனும் தனியாக ஒரு கேள்வி. 3 யார்டு வேண்டும், ஓடலாமா எறியலாமா? ஐந்தாறு நொடியில் பதில் வந்துவிடும். உடனே அடுத்த கேள்வி, ஆனால் இப்போது நிலைமை வேறு. இந்த அமைப்பு ஒரு சின்ன கேமுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. சாக்கரில் இது கிடைக்காது, பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரெட்ரோ பவுலில் உங்கள் கையில் இருப்பது ஆஃபென்ஸ், அதாவது பந்து நம்மிடம் இருக்கும்போது ஆடுகிற ஆட்டம் மட்டும். எதிரணியிடம் பந்து போனால் திரையில் சில வரிகள் ஓடும், இத்தனை யார்டு, இன்ன ஸ்கோர், அவ்வளவுதான். முதல் முறை பார்த்தபோது பாதி கேமைக் காணோமே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பத்துப் பதினைந்து மேட்ச் ஆன பிறகுதான் புரிந்தது, அந்த வரிகளைக் கையைக் கட்டிக்கொண்டு படிக்கிற அரை நிமிடம்தான் அடுத்து நமக்குக் கிடைக்கிற பந்தைப் பொன்னாக்குகிறது. மைதானத்துக்கு வெளியே பயிற்சியாளர் நிற்பாரே, அவருடைய தவிப்பு அது.

இதை முதலில் செய்தது இவர்கள் இல்லை. 1977ல் மேட்டல் கம்பெனி கையில் வைத்து ஆடும் ஒரு ஃபுட்பால் கருவி விட்டது. திரை என்று ஒன்றும் கிடையாது, சிவப்பு எல்இடி கோடுகள் மட்டும். பந்து வைத்திருப்பவன் கொஞ்சம் பிரகாசமான கோடு, தடுக்க வருகிறவர்கள் மங்கலான கோடு. அதிலும் பந்து வைத்திருப்பவனை மட்டும்தான் நாம் நகர்த்த முடியும், எறியவே முடியாது. அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு மக்கள் மணிக்கணக்கில் விளையாடினார்கள். அப்புறம் டெக்மோ பவுல், ஆர்கேடில் 1987, நின்டெண்டோவில் 1989. ஒரு அணிக்கு நாலே நாலு பிளே, அதாவது முன்கூட்டியே வகுத்த ஆட்டத் திட்டம். ரெட்ரோ பவுலின் பக்கவாட்டுப் பார்வையும் நிறமும் அங்கிருந்து வந்தவைதான், பார்த்தாலே தெரியும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதைச் செய்த நியூ ஸ்டார் கேம்ஸின் சைமன் ரீட் இங்கிலாந்துக்காரர், அதற்கு முன் அவர் பெயர் வாங்கியது நியூ ஸ்டார் சாக்கர் என்ற கேமில். அது 2013ல் பாஃப்டா விருது வாங்கியது. அதிலும் இதே வேலைதான்: முழு மேட்ச்சையும் ஆட வேண்டாம், உங்கள் வீரனின் காலுக்குப் பந்து வருகிற கணங்கள் மட்டும் உங்கள் கைக்கு வரும். மீதியெல்லாம் எழுத்தில் ஓடும். 2020 ஜனவரியில் ரெட்ரோ பவுல் வந்தபோது அந்த யோசனை தனக்கேற்ற ஆட்டத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் சாக்கரில் அந்தக் கணங்களை அவர் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இங்கே ஆட்டமே வெட்டி வைத்துத்தான் வருகிறது.

---

மூன்றாம்வரிசை:

கிரெடிட் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குவார்ட்டர்பேக்தான், யோசிக்கவே வேண்டாம். டிஃபென்ஸை நீங்கள் ஆடப்போவதில்லை, அதில் போடுகிற கிரெடிட் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். குவார்ட்டர்பேக்கில் போடுவது ஒவ்வொரு எறியிலும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். கை பலம் குறைவாக இருந்தால் அந்தப் புள்ளி வளைவு நீளவே நீளாது, துல்லியம் குறைவாக இருந்தால் நீங்கள் சரியாகத்தான் குறி வைத்தீர்கள், பந்து வேறெங்கோ விழும். அடுத்து ஒரு வேகமான ரிசீவர். மூன்றாவதாக ஒரு லைன்மேன், இவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பந்தைத் தொடவே மாட்டார், ஆனால் அவர் முன்னால் நின்று தள்ளுகிற அந்த ஒரு நொடி கூடுதலாகக் கிடைத்தால் ரிசீவர் இன்னும் பத்து யார்டு தள்ளிப் போயிருப்பான்.

டிஃபென்ஸ் பலவீனமாக இருந்தால் அதற்கு மருந்து கடிகாரம். பந்தை உங்களிடமே வைத்திருங்கள். சின்னச் சின்னப் பாஸ், நடுவில் ஓட்டம், நேரத்தைத் தின்னுங்கள். எதிரணிக்குப் பந்து கிடைக்காத நேரத்தில் அவர்களால் ஸ்கோர் போட முடியாது. முதல் பாதியின் கடைசி நிமிடத்தில் அவசரப்பட்டுப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டு, அவர்களுக்கு 40 நொடி விட்டுக்கொடுத்து, அவர்களும் போட்டுவிட்டுப் போன மேட்ச் எனக்கு எத்தனையோ.

---

பழையபலகை:

கோட்டோரம் சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் என்னை இந்த கேமில் உட்கார வைத்திருப்பது மைதானம் இல்லை. இரண்டு மேட்ச்சுக்கு நடுவில் வருகிற அந்தப் பக்கம்.

அதில் உங்கள் ஆட்களின் பெயர், நட்சத்திரம், வயது, மனநிலை, ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி என்றெல்லாம் இருக்கும். யாருமே நிஜ ஆட்கள் இல்லை, கேமே போட்ட பெயர்கள். என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் உரிமம் இல்லாமல் வந்த கேம் இது, அதனால் அணிகளுக்கும் ஊர் பெயரும் நிறமும்தான், சின்னம் கிடையாது. (உரிமத்தோடு ஆப்பிள் ஆர்கேடுக்குத் தனியாக ஒன்று 2024ல் வந்தது.) நிஜப் பெயர் இல்லாதது குறை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய நிறை. நிஜ நட்சத்திரத்தை எடுத்தால் அவன் ஏற்கெனவே யாரோ, டிவியில் பார்த்தவன். இங்கே புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் ஒன்றரை நட்சத்திரத்தோடு வந்த ஒரு பையனை நான் எடுத்தேன், முதல் சீசனில் அவன் கைக்குப் போன பந்தெல்லாம் நழுவியது, ஆனாலும் அவனுக்கே எறிந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது சீசனில் அவன் இல்லாமல் என் அணியே இல்லை. அவன் செய்ததெல்லாம் நான் பார்க்க நடந்தது, வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு சம்பள வரம்பு வந்து கழுத்தைப் பிடிக்கும். இது கேமுக்காகக் கற்பனை செய்தது இல்லை. என்எஃப்எல்லில் 1994ல் ஒரு அணிக்கு 3.46 கோடி டாலர் என்று ஆரம்பித்தார்கள், 2025ல் அது 27.92 கோடி டாலர். எவ்வளவு பணக்கார முதலாளியாக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. அதனால் அங்கே நிஜப் பயிற்சியாளர்களும் மேனேஜர்களும் ஒவ்வொரு வருடமும் யாரையோ விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். என் பையனுக்கு ஒப்பந்தம் முடிந்தபோது அவன் கேட்ட சம்பளத்தைக் கொடுத்தால் லைன்மேனை அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் லைன்மேனை அனுப்பினேன். அடுத்த சீசனில் என் குவார்ட்டர்பேக் மாறி மாறி அடி வாங்கினார், தோள் காயம், நாலு வாரம் வெளியே. தவறு என்னுடையதுதான், ஆனால் அதே முடிவை மறுபடியும் எடுப்பேன்.

பழைய கேம் மாதிரி இருக்கிறது என்கிறார் உங்கள் தம்பி. சதுரப் பொம்மைகள்தான். சதுரமாக இருப்பதால்தான் மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன்.

---

எட்டுபிட்:

பழைய ஞாபகம்தான் காரணம் என்று யாராவது சொல்ல வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு டெக்மோ பவுல் ஞாபகம் எதுவும் இல்லை, அது வந்தபோது நான் பிறக்கவே இல்லை. நள்ளிரவுஜன்னலுக்கு இந்த ஆட்டமே புதிது. ஏக்கம் என்ற விளக்கம் எங்கள் இருவருக்கும் பொருந்தாது.

பழைய கேம்கள் அப்படி இருந்தது கட்டாயத்தால். நின்டெண்டோவின் அந்தப் பழைய கேம் பெட்டியில் ஒரே கிடைக்கோட்டில் 8 ஸ்பிரைட்டுக்கு (நகரும் சின்னப் படத்துண்டுகள்) மேல் காட்ட முடியாது, மேலே போனால் பொம்மை சிமிட்டும் அல்லது மறையும். ஃபுட்பாலில் இரண்டு அணியும் ஒரே கோட்டில் நெருங்கி நிற்கிற ஆட்டம், நினைத்துப் பாருங்கள் எவ்வளவு தலைவலி என்று. அதனால்தான் முதல் டெக்மோ பவுலில் ஒரு பக்கத்துக்கு 11க்குப் பதில் 9 பேர். 1991ல் வந்த டெக்மோ சூப்பர் பவுலில்தான் 11 பேரையும் கொண்டுவந்தார்கள். அந்த கேமில் போ ஜாக்சன் என்றொரு வீரர் இருக்கிறார், யாராலும் பிடிக்க முடியாத வேகம், இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். நிஜ போ ஜாக்சனுக்கு 1991 ஜனவரியில் இடுப்பில் அடிபட்டது, அதற்குப் பிறகு அவர் ஃபுட்பால் ஆடவே இல்லை. அந்த கேம் வந்தது அதே வருடக் கடைசியில். மைதானத்தில் முடிந்துபோன ஓட்டம் சின்னப் பொம்மையாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்யும்.

ரெட்ரோ பவுலுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்தார்கள், அதனால் என்ன லாபம் என்றால், திரையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இது நம் ஆள், இது அவர்கள் ஆள், இது பந்து, இது முதல் டவுன் கோடு. ஒரே பார்வையில் படித்துவிடலாம். பெரிய கேம்களில் வியர்வைத்துளிகூடத் தெரியும், ஆனால் எந்த ரிசீவர் தனியாக நிற்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குள் என்னைச் சாய்த்துவிடுவார்கள்.

இன்னொன்று. 2010ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை என்எஃப்எல் ஒளிபரப்புகளை நேரம் வைத்துக் கணக்குப் போட்டது. மூன்று மணிநேரத்துக்கு மேல் ஓடுகிற ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம். ரெட்ரோ பவுல் அந்த 11 நிமிடத்தில் பாதியை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறது.

---

நாலாம்டவுன்:

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், உங்கள் கடைசிக் கேள்வி என்னுடையது.

துணியுங்கள். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால், தேவைப்படுவது 3 யார்டுக்குள் இருந்தால், பெரும்பாலும் துணியுங்கள். இது வெறும் ஆசையில் சொல்வது இல்லை. கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் இதே கேள்வியை எடுத்து நிஜ என்எஃப்எல் ஆட்டங்களை வைத்து ஆராய்ந்தார், 2006ல் அது ஆய்விதழில் வந்தது. பயிற்சியாளர்கள் தேவைக்கு மேல் உதைக்கிறார்கள், துணிய வேண்டிய இடங்களில் பயப்படுகிறார்கள் என்பதுதான் சாரம். அன்றைக்கு அதை நிறையப் பேர் ஏற்கவில்லை. இன்று நிஜ ஆட்டத்தில் அணிகள் அப்போதைவிட எவ்வளவோ அதிகமாக நாலாவது டவுனில் ஆடுகின்றன.

கேமில் துணிவதற்கு இன்னும் ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது: டிஃபென்ஸ் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒரே விஷயம் பந்துதான், அதை ஏன் நீங்களாகக் கொடுக்க வேண்டும்? உதைக்க வேண்டிய நேரமும் உண்டு. மேட்ச் முடிகிறது, 2 புள்ளிதான் பின்தங்கியிருக்கிறீர்கள், உங்கள் உதைப்பவர் நல்லவர் என்றால் ஃபீல்ட் கோல் அடித்துவிட்டு வாருங்கள். ஆனால் உதைக்கும்போது திரையில் அசைந்தாடுகிற அந்த அம்பைச் சரியான இடத்தில் நிறுத்தக் கை பழகியிருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே ஒன்றிரண்டு மேட்ச்சில் தேவையில்லாவிட்டாலும் உதைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

---

மூன்றாம்வரிசை:

ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். பிரவுசரில் விளையாடுகிறீர்கள் என்றால் உங்கள் சீசன், ஆட்கள், கோப்பை எல்லாம் அந்த பிரவுசரின் சேமிப்பில்தான் கிடக்கும். கணக்கு ஒன்றும் கிடையாது. கணினி மெதுவாக இருக்கிறதே என்று ஒருநாள் பிரவுசிங் தரவு முழுவதையும் அழித்தேன், மறுபடி கேமைத் திறந்தால் அணியின் பெயரைத் தேர்ந்தெடு என்று கேட்கிறது. ஒன்பது சீசன். என் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அன்று ராத்திரி வேறு எதிலும் மனம் போகவில்லை.

தனி ஜன்னலில், அதாவது மூடினால் மறந்துவிடுகிற ஜன்னலில் விளையாடவே விளையாடாதீர்கள். அப்புறம் இதே கேமை நகல் எடுத்துப் போட்டிருக்கிற தளங்கள் ஏராளம். அப்படி ஒன்றில் கொஞ்ச நாள் விளையாடினேன், ஒவ்வொரு குவார்ட்டருக்கும் நடுவில் புதுப் பக்கம் ஒன்று தானாகத் திறந்தது. பிடித்துப்போய்விட்டது என்றால் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

---

நள்ளிரவுஜன்னல்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மேட்டல் கோடுகளைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன், பிரகாசமான கோடு, மங்கலான கோடு என்றதும் கொஞ்சம் யோசித்தான். ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் யோசித்தான்.

நேற்று நாலாம்டவுன் சொன்னபடி ஐந்து முறை துணிந்தேன், நாலு கிடைத்தது. ஐந்தாவது முறை எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது, இன்டர்செப்ஷன், அதில் மேட்ச் போனது. ஆனாலும் அந்த நாலும் போன வாரம் எனக்குக் கிடைத்திருக்காது, நான் உதைத்திருப்பேன். நேரத்தைத் தின்பதும் வேலை செய்கிறது. முதல் பாதியில் எதிரணிக்கு இரண்டே முறைதான் பந்து போனது.

இப்போது புதுச் சிக்கல். என் குவார்ட்டர்பேக்குக்கு வயது 35, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. நான் சொன்ன அந்த 22 யார்டு எறி அவருடையதுதான். அனுப்பிவிட்டு இளம் ஆளை எடுப்பதுதான் சரி என்று கணக்கு சொல்கிறது, எனக்கு மனசு வரவில்லை.

---

பழையபலகை:

அனுப்பாதீர்கள். இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். ஆனால் இந்த டிராஃப்டிலேயே ஒரு பையனை எடுத்து பெஞ்சில் வைத்துவிடுங்கள், இடம் போதவில்லை என்றால் டிஃபென்ஸில் ஒருவரை விட்டுவிடலாம். பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று சீசன் முடிவில் ஒரு வரி வரும். அதைப் படிக்கும்போது அடுத்த ஆள் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சீசன் வீண்.

---

நள்ளிரவுஜன்னல்:

சரி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு வருடம்.